பிடியரிசிப் பானையின் மேலரிசி

எனக்கு எண்பத்து நான்கு வயது முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரையும் என் அடுப்பில் சமைத்துப் போட்டு, என் கூரைக்குக் கீழேயே வளர்த்தேன். ஒருவரைக்கூட இன்னொரு வீட்டில் விட்டு வளர்க்கவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமை எனக்கு எப்போதும் உண்டு. அது நல்லதா கெட்டதா என்று கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும்.

எழுத்து எனக்கு அவ்வளவு வராது. இரண்டாம் வகுப்போடு நின்றவள். மீதியைக் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப் படித்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு என்ன அவசரம்.

சபையில் பெண்கள் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் கூரையிலிருந்து விழுந்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்வேன். நன்றாகவே சொல்வேன். கேட்கிறவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்பார்கள். ஆனால் அதில் ஒரு பகுதியை ஐம்பது வருஷமாக விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்திருக்கிறேன். நின்றுகொண்டு வாயால் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது பொன்மலைப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். தெருவில் முக்கால்வாசிப் பேர் ரயில்வே வேலை. காலையில் சங்கு ஊதினால் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். அவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். என் வீட்டுக்காரர் மட்டும் ஓடு மேய்கிறவர். மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்து, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு, மறுபடி அடுக்கிக் கொடுக்கிற வேலை. ஸ்ரீரங்கத்தில் அவருக்கு நாலைந்து வாடிக்கை வீடுகள் இருந்தன. நிலபுலன் உள்ளவர்கள். கூலியோடு கிச்சிலிச் சம்பா அரிசியும் ஒரு மூட்டை கட்டிக் கொடுப்பார்கள். வடித்தால் மல்லிகைப் பூவைக் கொட்டின மாதிரி இருக்கும். சம்பளக்காரர் வீடுகளில்கூட அந்த அரிசி கிடையாது. அந்த நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். உலையில் அரிசி போடும் முன்னால், எந்த வேளையானாலும், ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். அது ஆண்டவருக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு பெண்கள் எல்லோரும் பானையைக் கொண்டுபோய் பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி, போதகர் சொல்கிற வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த மாதம் யார் வீட்டில் கஷ்டமோ, அந்த வீடு. என் பானை மண்பானை. அதன் கழுத்தில் என் வீட்டுக்காரர் சுண்ணாம்பால் ஒரு சிலுவை போட்டுக் கொடுத்திருந்தார்.

நான் சொல்வது அறுபதுகளின் நடுவில், அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலம். ரேஷன் கடையில் கால் கடுக்க நின்று வாங்கிய அரிசி பருமனாக, மஞ்சள் பூத்து, சாக்கு வாடை அடிக்கும். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் அந்த வாடை போகாது. ஆக, வீட்டில் இரண்டு அரிசி இருந்தது. சம்பா ஒரு டின்னில், ரேஷன் ஒரு டின்னில்.

இப்போது அந்தப் பகுதிக்கு வந்துவிட்டேன். முதலில் பிடியரிசிக்குச் சம்பாவைத்தான் எடுத்தேன். தட்டுப்பாடு வந்ததும் கை தானாக ரேஷன் டின்னுக்குப் போய்விட்டது. ஆண்டவருக்கு எல்லா அரிசியும் ஒன்றுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டேனா? இல்லை. முதல் ஞாயிறு காலையில், பானைக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குச் சம்பாவைப் பரப்பி, உள்ளங்கையால் தடவி ஒழுங்குபண்ணி, அப்புறம்தான் எடுத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் நிற்கிற ரயில்வே வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பார்.

"உங்க வீட்டு அரிசியே தனிதாங்க. எங்க பானைய உங்க பக்கத்துல வைக்கவே கூச்சமா இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொள்வேன். தாழ்மை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

புரட்டாசியில் என் வீட்டுக்காரர் விழுந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு. ஓடு தாங்குகிற சட்டம் ஒன்று உள்ளே கறையான் தின்று கூடாக இருந்தது, மேலே பார்த்தால் தெரியாது. காலை வைத்தார், ஓட்டோடு முற்றத்தில் வந்து விழுந்தார். குதிரை வண்டியில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொடை எலும்பு. இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது, அதற்கு அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவருடைய கயிறும் ஏணியும் அந்த வீட்டிலேயே இருந்தன. எடுக்கப் போனேன். அந்த வீட்டு மாமி கொல்லைக் கதவண்டை வந்து நின்றார்.

"எப்படிம்மா இருக்கார் உங்காத்துக்காரர்? எனக்கு மனசே ஆறலை. பெருமாள் கைவிடமாட்டார், கவலைப்படாதே."

"எங்க ஆண்டவரும் கைவிடமாட்டாருங்க மாமி."

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு பேருமா சேர்ந்து பாத்துக்கட்டும். உனக்குக் கீத்து முடையத் தெரியுமோ? தோப்புல ஓலை கிடக்கு."

தெரியும் என்றேன். ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் வரை, தினமும் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்த் தென்னங்கீற்று முடைந்தேன். மழை வந்ததும் அந்த வேலையும் நின்றது. சம்பா டின் எப்போதோ காலி. ரேஷன் டின்னும் அடி தெரிய ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், மருங்காபுரியில் வாழ்க்கைப்பட்டவர். மானம் பார்த்த பூமியில் கடலையும் கேழ்வரகும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். அவர் எங்கள் வேதத்துக்கு வரவில்லை. அய்யனாருக்குப் பொங்கல் வைப்பவர். வாய் முள் மாதிரி இருக்கும். ஆனால் தம்பி என்றால் உயிர். மாவுக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, டின்களைத் திறந்து பார்த்தார்.

"ஏ புள்ள, அஞ்சு வாய்க்கு என்ன போடப்போற?"

"கர்த்தர் பாத்துக்குவாருங்க அண்ணி."

"பாக்கட்டும், வேணாங்கல. அதுவரைக்கும் ரெண்டு புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டாவதும் மூணாவதும். ஆடு ஓட்டுவாங்க, கடல ஆய்வாங்க, கூழாச்சும் வயிறு நெறையக் குடிப்பாங்க. திங்கக்கெழம காலைல துவரங்குறிச்சி பஸ்ஸு. துணிய எடுத்து வை."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போன பிள்ளைகள் திரும்பி வர மாட்டார்கள் என்று என் மனசு சொல்லிற்று. ஒரு வருஷம் ஆகும், இரண்டு வருஷம் ஆகும். பள்ளிக்கூடம் போய்விடும். ஜெபம் மறந்துவிடும். இவருடைய கால் என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்? கட்டிலில் படுத்திருந்தவர் மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் டின்னில் கடைசி அரிசி. அப்போதும் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டேன். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, அந்தப் பானையில பாதிக்கு மேல இருக்கே. அத வச்சு நாலு நாள் ஓட்டலாமே?"

"அது நம்மளது இல்ல."

நாத்தனார் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "உங்க சாமிக்குப் போட பானை இருக்கு, பெத்த புள்ளைக்குப் போட பானை இல்ல. நல்ல சாமி, நல்ல பொம்பள."

கிணற்றடிக்குப் போய்க் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டேன். அங்கேதான் ஜெபம் பண்ணினேன். அதை ஜெபம் என்று சொல்லக்கூடாது, வழக்கு என்று சொல்லலாம். ஆண்டவரே, ஒரு மாதம் தவறினேனா? ஒரு வேளை தவறினேனா? மழையானாலும் காய்ச்சலானாலும் உமக்கு ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டுத்தானே உலை வைத்தேன்? அதற்கு நீர் எனக்கு என்ன செய்தீர்? இப்படிப் பேசிக்கொண்டே போனவளுக்கு, திடீரென்று வாய் நின்றுவிட்டது. மேலே பரப்பிய அந்த இரண்டு விரல் சம்பா கண்முன்னால் வந்து நின்றது. அதற்கு மேல் என்ன பேச? நான் அவருக்கு உண்மையாக இருந்தேன், அதனால் அவர் எனக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்றுதானே வழக்காடினேன்? அந்த வழக்கில் என் பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் கையோடு எழுந்து உள்ளே வந்தேன்.

மறுநாள் முதல் ஞாயிறு. மேலே பரப்ப வீட்டில் ஒரு மணி நல்ல அரிசி கிடையாது. உள்ளதை உள்ளபடியே, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், பிள்ளைகளின் பசியைவிட அன்றைக்கு அந்தத் துணி விலகிவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பானையைக் கடைசி வரிசையில் வைத்துவிட்டு, ஆராதனை முடிந்த கையோடு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழை சற்று விட்டிருந்தது. வாசலில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். எங்கள் சபையில் ஊழியம் செய்த அம்மா. வீடுவீடாகப் போய் ஜெபிக்கிறவர், பிடியரிசியைச் சாக்கில் கொட்டுகிறதும் அவர்தான். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். தலையில் சாக்கு. கையில் என் மண்பானை.

"எறக்கும்மா மொதல்ல, கழுத்து போச்சு."

நான் நகரவில்லை. "எங்க வீட்டுக்கு வேணாங்க. கஷ்டப்படறவங்க வீடா பாத்துக் குடுங்க."

"அதான் வந்திருக்கேன்."

"எங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லீங்க."

"சரி. எனக்குக் கஷ்டம். பொன்மல கேட்லேர்ந்து இதச் சுமந்துட்டு வந்திருக்கேன். எறக்குறியா, இல்ல இங்கயே போடவா?"

நாத்தனார் எழுந்து வந்து ஒரு கை கொடுத்து இறக்கினார். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். நாத்தனார் உள்ளே போனதும் குரலைத் தணித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு மேலரிசி இல்லியே?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"மாசாமாசம் உன் பானையக் கவுக்கறவ நான். மொதல்ல சம்பா விழும், அப்புறம் ரேஷன் விழும். எனக்குக் கண்ணு இல்லியா?"

"போதகரு கிட்ட சொன்னீங்களா?"

"அவருக்கு அரிசியப் பத்தி என்ன தெரியும்? வடிச்சுப் போட்டா சாப்பிடுவாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒருத்திதான் அப்படின்னு நெனைக்காத. ஒரு வீட்ல குருணை வரும், ஒரு வீட்ல புழு வரும். நானே ஒரு மாசம் தவிட்டோட போட்டிருக்கேன். எல்லாத்தையும் ஆண்டவரு வாங்கிக்கிட்டுத்தான் இருக்காரு. யாரு வீட்டுக்குப் போகணுமோ அங்க அனுப்பிக்கிட்டுத்தான் இருக்காரு. நம்மளப் பாத்து அவரு செய்யறதா இருந்தா இந்தச் சபையில ஒரு அடுப்பு எரியாது. உள்ள எடுத்துட்டுப் போ."

என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து சொன்னார்: "வாங்கி வையம்மா. நான் வாங்கணும்னா எந்திரிக்க முடியல."

அந்தக் குரலைக் கேட்டதும் என் பிடிவாதம் போய்விட்டது.

சாக்கிலிருந்து இரண்டு படி எடுத்து முறத்தில் கொட்டினேன். அதுமாதிரி அரிசியை நான் பார்த்ததில்லை. சன்னமானது, பருமனானது, சிவப்பு, பச்சரிசி, புழுங்கல், குருணை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. எந்தப் பிடி எந்த வீட்டினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. என்னுடையதை மட்டும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மஞ்சள் பூத்த பருமன் அரிசி. எல்லாவற்றோடும் கலந்து கிடந்தது. அதைப் பொறுக்கி எடுத்துவிடலாமா என்று விரலை வைத்தேன். நாலு அரிசி எடுத்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. விட்டுவிட்டேன்.

அந்த அரிசியை வடிக்க முடியாது. ஒன்று குழைவதற்குள் இன்னொன்று விறைத்து நிற்கும். தண்ணீரைக் கூட வைத்து, நிதானமாகக் கொதிக்க விட்டுக் கஞ்சியாகத்தான் காய்ச்ச வேண்டும். காய்ச்சினேன். பிள்ளைகள் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்கள். நாத்தனார் துவையலைத் தொட்டுக்கொண்டு குடித்துப் பார்த்தார்.

"ஒண்ணோட ஒண்ணு சேராத அரிசி. ஆனா நல்லாத்தான் இருக்கு." குடித்து முடித்ததும், "எத்தன நாளைக்கு வரும்?" என்றார்.

"மூணு வாரம் வருங்க."

"கட்டு பிரிக்க ரெண்டு மாசம் இருக்கு."

"ஆமாங்க அண்ணி."

"மிச்ச நாளுக்கு?"

முந்தின நாளாக இருந்தால் வீராப்பாக ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு வரவில்லை. "தெரியலீங்க. ஆனா புள்ளைங்க இங்கயே இருக்கட்டும். என் கைய நம்பிச் சொல்லல. என் கை ஒண்ணும் சரியில்லன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. ஆண்டவரு விட மாட்டாரு, அவர நம்பித்தான் சொல்றேன்" என்றேன்.

நாத்தனார் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் தனியாகத்தான் பஸ் ஏறினார். கோபம்தான். ஏறின பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னார்: "புள்ள ஒண்ணு எளச்சுதுன்னு சேதி வந்துது, அன்னிக்கு இருக்கு ஒனக்கு."

அன்று மத்தியானம் உலை வைக்கும்போது, சாக்கிலிருந்தே ஒரு பிடி எடுத்தேன். எதையும் பொறுக்காமல், கைக்கு வந்ததை வந்தபடி, சிலுவை போட்ட பானையில் போட்டேன்.

சாட்சி சொல்லும்போது இதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்த மாதிரி சொல்லிவிடுவேன். அப்படி இல்லை. அடுத்த மாதச் சாக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்களைவிடக் கஷ்டப்பட்ட வீடு ஒன்று இருந்தது, அங்கே போயிற்று. பச்சைமலையிலிருந்து சந்தைக்கு வரும் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துப் பல நாள் ஓட்டினோம். ஒருநாள் மருங்காபுரியிலிருந்து வந்த ஒருவர் கையில் ஒரு மூட்டை கேழ்வரகும் ஒரு பை கடலையும் இருந்தன. நாத்தனார் ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை. மாமி இருமுறை கூப்பிட்டு அனுப்பி மாட்டுக்கொட்டகைக்குக் கீற்று கட்டச் சொன்னார். இரண்டு நாள் வெறும் நீராகாரம்தான். அந்த இரண்டு நாளும் நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். பயந்தேன். ஆனால் முன்னால் பயந்த மாதிரி இல்லை. கைவிட்டுவிடுவாரோ என்ற பயம் இல்லை. இன்றைக்கு எந்த வழியாக வருமோ தெரியவில்லையே என்ற பயம். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லை. இருப்பதைத் துவைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து பிள்ளைகளும் கோயிலில் வரிசையாக நின்றார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஐந்து. தை மாதம் கட்டுப் பிரித்தார்கள். கால் ஒரு விரலளவு குட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கூரை ஏறவே இல்லை. கீழே நின்று சுவருக்கு வெள்ளை அடித்துத்தான் கடைசி வரைக்கும் பிழைத்தோம். அந்தக் காலை ஆண்டவர் நேராக்கித் தரவில்லை. ஏன் என்று அவரைக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே அவரோடுதான் இருக்கிறேன்.

நாத்தனார் சாகும்வரை அய்யனாரைத்தான் கும்பிட்டார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், சமைக்கும் முன்னால் பிடியரிசிப் பானையை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான், "ம், போடு" என்பார்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நான் கொடுத்ததற்காக அவர் என்னைக் காப்பாற்றினார் என்றுதான் ஐம்பது வருஷமாகச் சபையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அவர்களை நினைக்க விட்டது என் பெருமை. நான் மட்டமானதைக் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். அப்போதும் அவர் என் வாசற்படிக்குச் சாக்கைச் சுமந்து வரச் செய்தார். அவருடைய அன்பு என் பானையைப் பார்த்து வந்தது இல்லை.

கை வலிக்கிறது. பேத்தி காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. அவளைத்தான் கூப்பிடப் போகிறேன். இந்தா கண்ணு, காப்பி அப்புறம் குடிக்கலாம், இங்க வந்து உக்காரு. நான் எழுதினத மொதல்லேர்ந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. எழுத்து தப்பா இருந்தா திருத்திக்கோ, பரவாயில்ல. மேலரிசி வர்ற எடத்த மட்டும் மெல்லமா முணுமுணுக்காத. வர்ற கூட்டத்துல நீதான் வாசிக்கணும், பின்னால உக்காந்திருக்கறவங்களுக்கும் கேக்கணும். ம், வாசி.